7 வருடத் தண்டனை, திரும்பி வர வழியில்லை: மேரி பிரையன்ட்

(திரையில்: இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, கார்ன்வால் கடற்கரை)

1786 மார்ச், எக்ஸிட்டர் நகர நீதிமன்றம். ஒரு பெண்ணை வழிமறித்து அடித்து, பட்டுத் தொப்பியையும் சில பொருட்களையும் பறித்ததாக மூன்று பெண்கள் மேல் வழக்கு. தீர்ப்பு: தூக்கு. அதில் ஒருத்தி மேரி, ஃபோய் என்ற துறைமுக ஊரில் பிறந்து வளர்ந்தவள். தூக்கு பிறகு 7 வருட தீவாந்திர தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

அதுவரை கைதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது பிரிட்டன். அங்கே சுதந்திரப் போர் வெடித்ததும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிய, பழைய கப்பல்களைக் கரையோரம் கட்டிப்போட்டு அதற்குள் ஆட்களை அடைத்தார்கள். மேரியும் அப்படி ஒன்றில்தான் கிடந்தாள். 1787 மே மாதம் 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. அவள் ஏறிய கப்பலின் பெயர் சார்லட். வழியில் அதிலேயே பிறந்த மகளுக்கும் அதே பெயரை வைத்தாள்.

சிட்னியில் இறங்கிய சில நாட்களிலேயே வில்லியம் பிரையன்ட் என்ற கைதியை மணந்தாள். மீன்பிடித் தொழில் தெரிந்தவன். விளைச்சல் இல்லாத அந்தக் குடியேற்றத்துக்கு அவன் வலைதான் பெரிய ஆதரவு. கொஞ்சம் மீனை ரகசியமாக விற்றான் என்று அவனுக்கு 100 கசையடி கொடுத்தார்கள். அப்புறம் மறுபடியும் மீன் பிடிக்கவே அனுப்பினார்கள், அவனை விட்டால் வேறு ஆளில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வில்லியமின் 7 வருடம் 1791 மார்ச்சில் முடிகிறது. ஆனால் யாருக்கு எப்போது தண்டனை முடியும் என்று காட்டும் ஆவணங்கள் முதல் கப்பல்களோடு வரவே இல்லை. முடிந்தது என்று நிரூபித்தாலும், மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அனுமதி கிடையாது. ரேஷனோ தேய்ந்துகொண்டே வந்தது. 7 வருடம் என்று ஏட்டில் எழுதியது நடைமுறையில் ஆயுள் தண்டனை. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

(திரையில்: சிட்னியிலிருந்து வடக்கே நீளும் கோடு)

துறைமுகத்துக்கு வந்திருந்த டச்சுக் கப்பலின் தலைவரிடம் வில்லியம் திசைகாட்டி, வரைபடம், துப்பாக்கி எல்லாம் வாங்கி வைத்திருந்தான். அந்தக் கப்பல் கிளம்பியதும் துரத்தி வரக் கப்பல் இல்லை. மார்ச் 28 இரவு, ஆளுநரின் ஆறு துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். மேரி, வில்லியம், மூன்று வயது சார்லட், ஒரு வயதுகூட நிரம்பாத இம்மானுவேல், கூட ஏழு கைதிகள்.

படகு ஒழுகியது. பலகை இடுக்குகளைச் சோப்பு வைத்து அடைத்தார்கள். கடலாமையைப் பிடித்து இறைச்சியை உலர்த்தி வைத்துக்கொண்டார்கள். இப்படி 5,000 கிலோமீட்டருக்கு மேல். ஜூன் 5 அன்று டச்சுக்காரர்களின் திமோர் தீவில் குபாங் போய்ச் சேர்ந்தபோது, 11 பேருக்கும் உயிர் இருந்தது. கைக்குழந்தைக்குக்கூட!

கப்பல் உடைந்து தப்பியவர்கள் என்று அங்கே சொல்லிக்கொண்டார்கள். சில மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் எட்வர்ட்ஸ் அவர்களைக் கைது செய்து பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கொண்டுபோனார். டிசம்பரில் இம்மானுவேல் இறந்தான், அதே மாதம் வில்லியமும். 1792 மே மாதம், இங்கிலாந்து திரும்பும் வழியில், கடலிலேயே சார்லட்டும் இறந்துபோனாள். அதே கப்பலில் வாட்கின் டெஞ்ச் என்ற அதிகாரி இருந்தார். மேரியோடு 1787-இல் சார்லட் கப்பலில் வந்தவர். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கமும் வியப்பும் வந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

லண்டனில் நியூகேட் சிறை. எழுத்தாளரும் வழக்கறிஞருமான ஜேம்ஸ் பாஸ்வெல் மேரிக்காக அரசிடம் விடாமல் வாதாடினார். 1793 மே 2 அன்று மன்னிப்பு கிடைத்தது. எதற்கு மன்னிப்பு? அவளுடைய 7 வருடம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. பாஸ்வெல் வருடத்துக்கு 10 பவுண்டு உதவித்தொகை ஏற்பாடு செய்தார். மேரி கார்ன்வாலுக்கே திரும்பிப் போனாள். அவளோடு பிடிபட்டு உயிர் பிழைத்த நான்கு ஆண்களை விடுவிக்க நவம்பர் ஆனது.