அந்த நாலு போல்ட் யார் கணக்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். விமானத்திலும் விண்கலத்திலும் தரம் தவறிப் போக முதல் காரணம் தொழிலாளியின் கையா, நிறுவனத்தின் நிர்வாகமா? நிர்வாகமே என்று பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "நாலு போல்ட் மாட்ட மறந்தவன் தொழிலாளி. அதுக்கு சேர்மன் வந்து ஸ்பானர் பிடிக்கணுமா?" அரங்கமே கைதட்டிச்சு. நல்ல கேள்விதான். அதனால நான் எழுதிட்டு வந்த குறிப்பெல்லாம் அப்படியே கிடக்கட்டும். அந்த நாலு போல்ட்டைப் பத்தியே பேசிடறேன்.

2024 ஜனவரி 5. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இருந்து அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 கிளம்புது. உள்ளே 177 பேர். சுமார் 15,000 அடி உயரத்துல, இடப்பக்கச் சுவர்ல கதவளவு துண்டு ஒண்ணு பிய்ச்சுக்கிட்டு வெளியே போகுது. அதுதான் டோர் பிளக். கூடுதல் அவசரக் கதவு தேவைப்படாத விமானத்துல அந்த இடத்தை அடைக்கற பலகை.

அந்தப் பலகை எப்படி நிக்குதுன்னு கேளுங்க. ஓரம் முழுக்க 12 தடுப்புகள். உள்ளே இருக்கற காத்தழுத்தம் பலகையை வெளியே தள்ளத் தள்ள, அது அந்தத் தடுப்புகள்ல முட்டி நிக்கும். அதனால நேரா வெளியே போகவே போகாது. ஆனா பலகை கொஞ்சம் மேலே ஏறிட்டா, தடுப்பு பன்னிரண்டும் விலகிடும். மேலே ஏறாம பிடிக்கறதுதான் நாலு போல்ட். மேல்பக்கம் ரெண்டு, கீல் பக்கம் ரெண்டு. அந்த விமானத்துல நாலுமே இல்லை. பறக்கப் பறக்கப் பலகை மெல்ல மெல்ல மேலே நகர்ந்து, அன்னிக்குக் கழண்டுடுச்சு.

நாலும் எங்கே போச்சு? விமானத்தோட உடல்பகுதியைச் செஞ்சது ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ். அது போயிங்கின் ரென்டன் தொழிற்சாலைக்கு வந்தப்போ, பிளக் ஓரத்துல அஞ்சு ரிவெட், அதாவது தகட்டை இணைக்கற ஆணி, பழுதா இருந்தது. அந்த அஞ்சை மாத்தணும்னா பிளக்கைத் திறந்தாகணும். 2023 செப்டம்பர்ல திறந்தாங்க. திறக்கறதுக்கு நாலு போல்ட்டையும் கழட்டினாங்க. ரிவெட்டை மாத்தினாங்க. பலகையை மூடினாங்க. போல்ட்டை மட்டும் மாட்டலை.

இங்கேதான் நண்பர் "பார்த்தீங்களா, மறதி!"ன்னு சொல்வார். நடுவர் அவர்களே, மனுஷன் மறப்பான்னு தெரிஞ்சுதானே விமானத் தொழில்ல ஒவ்வொண்ணுக்கும் ஏடு வெச்சிருக்காங்க? ஒரு பாகத்தைக் கழட்டினா கழட்டினதா பதிவு போடணும். அந்தப் பதிவு இருந்தா, திரும்ப மாட்டற வேலை தானா பட்டியல்ல ஏறும். மாட்டினதைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருவார். அவர் கையெழுத்து இல்லாம விமானம் வெளியே போகாது. இந்தப் பிளக்குக்கு அந்த முதல் பதிவே போடலை. ஏட்டைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பலகை திறக்கவே படலை. திறக்காத கதவை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்? கதவுக் குழுவிலே பிளக்கைத் திறந்து பழக்கம் உள்ளவர் ஒரே ஒருத்தர். அன்னிக்கு அவர் விடுப்பில் இருந்தார். ஒரே ஒருத்தருக்குத்தான் பழக்கம்னு வெச்சிருந்தது யார்? தொழிலாளியா?

இன்னும் கேளுங்க. நண்பர் சொல்ற அந்த மறந்த தொழிலாளி யார்? விபத்தை விசாரிச்ச அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் போயிங்கைக் கேட்டது. பதிவு இல்லைன்னாங்க. கேமரா காட்சி? அதும்மேல புதுக் காட்சி பதிவாகி அழிஞ்சு போயிருந்தது. யாரைக் குத்தம் சொல்றதுன்னுகூடத் தெரியாத அளவுக்கு ஒரு தொழிற்சாலை நடந்திருக்கு! 2025 ஜூன்ல வாரியம் காரணம் சொன்னப்போ எந்தக் கையையும் காட்டலை. போதிய பயிற்சி, வழிகாட்டல், மேற்பார்வை தராத போயிங்கைக் காட்டிச்சு.

நண்பர் 1990 பிரிட்டிஷ் ஏர்வேஸ் சம்பவத்தையும் சொன்னார். காக்பிட் கண்ணாடியில 90 போல்ட், அதுல 84 ஒல்லியானவை. கண்ணாடி பறந்து, கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்கி, ஊழியர்கள் காலைப் பிடிச்சுக் காப்பாத்தினாங்க. அதை மாட்டின பராமரிப்பு மேலாளர் புது போல்ட்டைக் கண்ணால ஒப்பிட்டு எடுத்ததுதான் தப்புன்னார். ஆமாம், தப்புதான். ஆனா அவர் ஒப்பிட மாதிரியா எடுத்த பழைய போல்ட்களே பெரும்பாலும் தப்பான அளவு. ஸ்டோர்ல வேண்டிய அளவு இருப்பு இல்லை. வேற இடத்துல வெளிச்சம் குறைஞ்ச அலமாரியில தேடினார். மாட்டினதுக்கப்புறம் ரெண்டாவது ஆள் சோதிக்கணும்னோ, அழுத்தச் சோதனை செய்யணும்னோ விதியே இல்லை. ஒரு கை தவற, இத்தனை வாசல் திறந்து கிடந்தது.

சாலஞ்சர் விண்கலத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். 1986 ஜனவரி 27 இரவு, அதோட பூஸ்டர் ராக்கெட்டைச் செஞ்ச தயோகால் நிறுவனப் பொறியாளர்கள் "குளிர்ல ஓ-ரிங் இறுகிடும், ஏவாதீங்க"ன்னு வாதாடினாங்க. ஓ-ரிங்னா ராக்கெட் இணைப்பை அடைக்கற ரப்பர் வளையம். நிர்வாகம் அவங்களை ஒதுக்கிட்டு முடிவெடுத்தது. மறுநாள் 73 விநாடியில ஏழு உயிர் போச்சு. அங்கே கை தவறவே இல்லை. கை எச்சரிச்சது.

அலாஸ்கா விமானத்துல பிளக்கை ஒட்டின ரெண்டு இருக்கையும் அன்னிக்குக் காலி. முன் வரிசையில ஒரு பையனோட சட்டையையே காத்து உருவிக்கிட்டுப் போச்சு. அவன் தாய் அவனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவன் பிழைச்சான்.

பிடிச்சுக்க முடியாத தாய்மார்களும் இருக்காங்க. 2018 லயன் ஏர், 2019 எத்தியோப்பியன். ரெண்டு 737 மேக்ஸ் விழுந்து 346 பேர் செத்தாங்க. ஒரே ஒரு சென்சார் தப்பா காட்டினா மூக்கைக் கீழே அழுத்தற மென்பொருள். விமானத்துல சென்சார் ரெண்டு இருந்தும் ஒண்ணை மட்டும் நம்பற மாதிரி வடிவமைச்சது எந்த ஸ்பானர்?

2019 அக்டோபர்ல அமெரிக்க செனட் விசாரணை. பின்வரிசையில, அந்த விபத்துகள்ல இறந்தவங்க படங்களை மார்போட பிடிச்சுக்கிட்டுக் குடும்பங்கள். முடிஞ்சு கிளம்பின போயிங் தலைவரைப் பார்த்து, மகளைப் பறிகொடுத்த ஒரு தாய், மன்னிப்புக் கேக்கறப்போ எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேளுங்கன்னாங்க. அவர் திரும்பினார். மன்னிப்புக் கேட்டார். ரெண்டு மாசத்துல பதவி போச்சு. போகும்போது அவருக்குச் சேர்ந்தது சுமார் 6.2 கோடி டாலர்.

அந்தத் தாய் திரும்பிப் பார்க்கச் சொன்னது தொழிலாளியை இல்லை, நடுவர் அவர்களே. உங்க தீர்ப்பை அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.