ஒமாஹாவில் ஸ்ட்ரெய்ட்டுக்கு எந்த நாலு சீட்டு நல்லது? ஒரு காட்பாடிக் கணக்கு

[திரையில்: மொட்டை மாடி, பாய், சீட்டுக்கட்டு, ஒரு குவியல் புளியங்கொட்டை]

வணக்கம். வேலூரில் மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. எட்டுக்கு மேல் வீடே மாடிக்கு வந்துவிடும், கூடவே சீட்டுக்கட்டும். இத்தனை வருஷம் ரம்மிதான் ஆடினோம். இப்போது போக்கரில் ஒரு வகையான ஒமாஹா. பந்தயம் புளியங்கொட்டை. ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதைத் தடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது, தெரியும்தானே? எனவே இந்த வீடியோவில் சீட்டுக் கணக்கு மட்டும்தான்.

முதலில் விதி. கையில் நாலு சீட்டு, மேசையில் ஐந்து. கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று எடுக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த ஐந்தும் அடுத்தடுத்த எண்களாக வரிசையில் வந்தால் அது ஸ்ட்ரெய்ட். ரம்மிக்காரர்கள் இடறி விழுவது இங்கேதான். எங்கள் மாமா முதல் நாள் ஜாக், 10, 9, 8 வைத்திருந்தார். மேசையில் ஒரு குயின் வந்தது. "சீக்வென்ஸ்!" என்று கையைக் கவிழ்த்துவிட்டார். நாலு சீட்டு கையிலிருந்து போனால் அது ஒமாஹாவே இல்லை, மாமா.

சரி, எந்தக் கை நல்லது? நாலு சீட்டை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு சேர்க்கை வரும். ஒவ்வொரு சேர்க்கையும் எத்தனை ஸ்ட்ரெய்ட்டில் இடம்பிடிக்கும் என்று எண்ணிக் கூட்டுங்கள்.

[திரையில்: காட்பாடி ஜங்ஷன், நாலு பக்கம் அம்புக்குறி]

ஜாக்-10 என்பது காட்பாடி ஜங்ஷன் மாதிரி. காட்பாடியிலிருந்து அரக்கோணம் பக்கம் போகலாம், ஜோலார்பேட்டை பக்கம் போகலாம், திருப்பதி போகலாம், விழுப்புரமும் போகலாம். ஜாக்-10க்கும் நாலு வழி: 7 முதல் ஜாக் வரை, 8 முதல் குயின் வரை, 9 முதல் கிங் வரை, 10 முதல் ஏஸ் வரை. ஜாக்-9 போல நடுவில் ஒரு சீட்டு விட்டுப்போனால் மூன்று வழி. ஜாக்-8க்கு இரண்டு. ஜாக்-7க்கு ஒன்றே ஒன்று. ஏஸ்-கிங் கடைசி ஸ்டேஷன், அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. அதற்கும் ஒரே வழிதான்.

[திரையில்: ஜாக்-10-9-8 = 20. ஜாக்-10-9-7 = 17. கிங்-குயின்-ஜாக்-10 = 16. ஏஸ்-கிங்-குயின்-ஜாக் = 10]

பார்க்க ராஜகம்பீரமாக இருக்கும் ஏஸ்-கிங்-குயின்-ஜாக், ஸ்ட்ரெய்ட் வழியில் ஜாக்-10-9-8க்குப் பாதிதான். ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே மேசைக்கு இரண்டு வழி சேர்ந்தும் பொருந்தலாம். ஆகையால் இது நிகழ்தகவு இல்லை, கைகளை ஒப்பிட ஓர் அளவுகோல்.

இந்த அளவுகோலை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 6-5-4-3 எடுத்துப் பாருங்கள். கூட்டினால் 19 வருகிறது, கிங்-குயின்-ஜாக்-10ஐ விட மூன்று அதிகம். ஆனாலும் நான் கிங் கையைத்தான் எடுப்பேன். காரணத்தை ஃப்ளாப், அதாவது மேசையின் முதல் மூன்று சீட்டு, வந்த பிறகு காட்டுகிறேன்.

[திரையில்: ஃப்ளாப் 9-8-2]

ஃப்ளாப்பில் மேசைச் சீட்டுகளை உங்கள் கைச்சீட்டுகள் சுற்றி வளைத்தால் அதற்கு ராப் என்று பெயர். கையில் இரண்டே சீட்டு வைத்து ஆடும் ஹோல்டெம் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்குக்கூட எட்டு சீட்டுதான் உதவும். இங்கே உங்கள் கையில் ஜாக்-10-7-6 இருந்தால்? குயின் நாலு, 5 நாலு, ஜாக், 10, 7, 6 ஒவ்வொன்றிலும் மூன்று. மொத்தம் 20 சீட்டு! பார்க்காத 45 சீட்டில் 20. டர்ன், ரிவர், அதாவது மேசைக்கு வரும் நாலாவது, ஐந்தாவது சீட்டு, இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 70 சதவீதம் ஸ்ட்ரெய்ட் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் முதலில் சொன்ன அளவுகோலில் இந்தக் கைக்கு 12 மதிப்பெண்தான். நடுவில் இருக்கும் ஓட்டையில் 9-8 கச்சிதமாக உட்கார்ந்ததால் வந்த யோகம் அது. அப்படி உட்காராத ஃப்ளாப்பில் ஜாக்-10 தனியாகவும் 7-6 தனியாகவும் கிடக்கும்.

இப்போது அதே 9-8-2க்கு இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் கையில் குயின்-ஜாக்-10, இன்னொருவர் கையில் 7-6-5. நாலாவது சீட்டு இருவருக்கும் உதவாதது. தனித்தனியாக எண்ணினால் இரண்டு பேருக்கும் 13 சீட்டு. ரிவர் வரை போனால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. சமம் போலத் தெரிகிறதா?

மேல் சீட்டுகளான குயின்-ஜாக்-10 வைத்திருப்பவருக்கு குயின், ஜாக், 10, 7 எது விழுந்தாலும் அந்த மேசையில் சாத்தியமான பெரிய ஸ்ட்ரெய்ட், அதாவது நட்ஸ். பதின்மூன்றும் நட்ஸ். கீழ்ச் சீட்டுகளான 7-6-5 வைத்திருப்பவருக்கு 10 விழுந்தால் குயின்-ஜாக்கிடம் தோல்வி. 7 விழுந்தால் ஜாக்-10 அடிக்கும். 6 விழுந்தால் 10-7 அடிக்கும். நட்ஸ் தருவது 5 மட்டும், அதிலும் மீதி மூன்று சீட்டு. பதின்மூன்றுக்கு மூன்று! 6-5-4-3ஐ விட்டுக் கிங் கையை எடுப்பேன் என்றது இதனால்தான்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதையும் இதை வைத்தே பார்க்கலாம். ஜாக்-10-9-7, ஜாக்-9-8-7 இரண்டுக்கும் அளவுகோலில் 17தான். முதல் கையில் ஓட்டை கீழே, மூன்று சீட்டு மேலே ஒட்டி நிற்கிறது. இரண்டாவதில் ஓட்டை மேலே, கூட்டம் கீழே. நான் முதலாவதைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸ் பக்கம் நான் போகவே இல்லை. அவற்றுக்குத் தனி வீடியோ வேண்டும்.

இந்த 7-6-5 உதாரணம் எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். என் கையில்தான். டர்னில் 10 விழுந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன், இருந்த புளியங்கொட்டை மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன். மாமா அவசரப்படவில்லை. "மச்சான், கையிலிருந்து ரெண்டு, மேசையிலிருந்து மூணு, சரிதானே?" என்று கேட்டுவிட்டுக் குயினையும் ஜாக்கையும் மட்டும் எடுத்துப் பாயில் வைத்தார்.