ஜெபர்சன் வீட்டுப் பந்தி

வணக்கம் நேயர்களே. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டாரை எந்தப் பந்தியில், யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று பெரியவர்கள் படும் பாட்டை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அந்த வரிசை தவறினால் என்ன நடக்கும் என்று தெரிந்தே தவறவிட்ட ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சன். மேடையில் பேசக் கூச்சப்படுவார், சாப்பாட்டு மேசையில் மட்டும் ஆளே வேறு.

1790 ஜூன் மாதம். தலைநகரம் அப்போது நியூயார்க். ஜெபர்சன் வெளியுறவு அமைச்சர். பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற நடத்திய போரில் மாநிலங்கள் பட்ட கடனை மத்திய அரசே ஏற்க வேண்டும் என்கிறார் நிதியமைச்சர் ஹாமில்டன். தங்கள் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்ட வர்ஜீனியாக்காரர்கள் விடுவார்களா? அவர்கள் பக்கம் நிற்பவர் வர்ஜீனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன். வாடிய முகத்தோடு நின்ற ஹாமில்டனைத் தெருவில் பார்த்த ஜெபர்சன், இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மேடிசன் எதிர்ப்பைத் தளர்த்திக்கொள்வது, பதிலுக்குத் தலைநகரம் தெற்கே பொடோமாக் ஆற்றங்கரைக்குப் போவது என்று பேசி முடித்தார்கள். எல்லாமே அந்த மேசையில்தான் முடிவானதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டு சட்டங்களும் அந்தக் கோடையிலேயே நிறைவேறின என்பதில் சந்தேகமில்லை.

அந்த வீட்டுச் சமையல் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் பொறுப்பில் இருந்தது. பாரிஸில் பயிற்சி பெற்றவர், ஜெபர்சனின் அடிமை. தன் தம்பிக்குச் சமையலைக் கற்றுக்கொடுத்த பிறகே, 1796-ல் அவருக்கு விடுதலை கிடைத்தது. இந்த விருந்தைப் பற்றி எங்கே பேசினாலும் அவர் பெயரைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

சரி, அதிபரான பிறகு வருவோம். ஜெபர்சன் கூப்பிடுவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான். தலைமாடு, கால்மாடு என்ற பேச்சே வராத வட்ட மேசை. பரிமாறுகிறவர்கள் பக்கத்தில் நின்றால் பேச்சு வெளியே போகுமே! அதற்காகப் பதார்த்தங்களைச் சின்னத் தட்டு அலமாரிகளில் அடுக்கி, விருந்தினர்களின் கையெட்டும் தூரத்தில் வைத்துவிடுவார்கள். வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். எதிரெதிர்க் கட்சிக்காரர்களைப் பெரும்பாலும் ஒரே நாளில் கூப்பிட மாட்டார். சண்டை மூண்டால் சாப்பாடும் கெடும், காரியமும் கெடும்.

இனி எனக்குப் பிடித்த கதை. 1803 கடைசியில் பிரிட்டிஷ் தூதர் அந்தோனி மெரி வாஷிங்டனுக்கு வந்தார். முறைப்படி அதிபரைப் பார்க்க முழு அலங்கார உடையில் போகிறார். ஜெபர்சனோ வீட்டுச் செருப்போடு வந்து நிற்கிறார்! சில நாளில் விருந்து. அந்தக் காலத்து வழக்கப்படி மெரியின் மனைவியைத்தான் அதிபர் கைகொடுத்து மேசைக்கு அழைத்துப் போக வேண்டும். ஜெபர்சன் மேடிசனின் மனைவி டாலியிடம் கையை நீட்டினார். அந்த அம்மாளுக்கே சங்கடம், தூதரின் மனைவியைக் கூட்டிப் போங்கள் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்டால்தானே! மெரி, ஸ்பெயின் தூதரின் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனார். அதற்குள் ஒரு காங்கிரஸ் உறுப்பினர் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போதாக்குறைக்கு, பிரிட்டனோடு போரில் இருந்த பிரான்சின் பிரதிநிதியும் அதே மேசையில்!

மெரி கொதித்துப்போய் லண்டனுக்கு எழுதினார். அதன் பிறகு கூப்பிட்டாலும் விருந்துக்குப் போகவில்லை. விருந்தில் உள்நாட்டார், வெளிநாட்டார், பட்டம் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் சமம் என்று ஜெபர்சன் விதியே எழுதி வைத்தார். கொள்கை நல்ல கொள்கைதான். ஆனாலும், வேண்டிய ஒரு நாட்டின் தூதரை முதல் விருந்திலேயே பகைத்துக்கொண்டது கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மறு வருஷமே ஜெபர்சனின் அரசியல் எதிரி ஆரன் பர், நாட்டைப் பிரிக்கும் யோசனையோடு மெரியிடம் போனபோது அவர் காதுகொடுத்துக் கேட்டார்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மதுவகைகளைப் பற்றிச் சொல்ல நினைத்தது அப்படியே நிற்கிறது. ஒன்றே ஒன்று. அதே ஜெபர்சன் 1805 டிசம்பர் 9 அன்று துனிசியத் தூதர் மெல்லிமெல்லிக்கு விருந்து வைத்தார். வட ஆப்பிரிக்காவின் திரிபோலி துறைமுக முற்றுகையில் அமெரிக்கர்கள் பிடித்த துனிசியக் கப்பல்களைப் பற்றிப் பேச வந்தவர் அவர். அது ரமலான் மாதம். வழக்கமாக மூன்றரை மணிக்கு நடக்கும் சாப்பாட்டைச் சூரியன் மறையும் நேரத்துக்கு மாற்றி, எல்லா விருந்தினர்களுக்கும் சொல்லி அனுப்பினார் ஜெபர்சன். வணக்கம்.