சுவரில் வரைகிறவர் ஷூவில் வரையலாமா?

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. "அண்ணா, நான் சுவர் ஓவியம் வரைகிறவன். ஒரு ஸ்னீக்கர் டிசைன் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. இதுவரை ஷூவில் வரைந்ததே இல்லை. பேப்பரில் நன்றாக வரைந்து அனுப்பினால் போதுமா? ஜெயித்தால் டிசைன் அவர்களுடையதாகிவிடுமா? ஷூ வாங்கினால் எந்த சைஸ்?"

பேப்பர் விஷயத்தை முதலில் சொல்கிறேன். நிறைய போட்டிகளில் முதல் சுற்று பேப்பரில்தான். ஷூவின் பக்கவாட்டுப் படத்தைக் கோடாகக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் நிரப்ப வேண்டும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அந்தப் படத்தை ஒரு குட்டிச் சுவர் என்று நினைத்து வரைந்தால் மாட்டிக்கொள்வீர்கள். சுவர் நின்ற இடத்தில் நிற்கும், ஷூ அடிக்கு அடி மடங்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் ஜோடியில், விரல் மடங்குகிற இடத்தில் ஒரு மயில் முகம் வரைந்தேன். கேன்வாஸ் ஓவியத்துக்கு வாங்கி வைத்திருந்த அக்ரிலிக்கைக் கெட்டியாகப் பூசினேன். போட்டோவில் பிரமாதம்! போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய் வந்தேன், மயில் கண்ணுக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு. மறுநாள் அலகு செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது.

லெதர் ஷூவின் மேல் கம்பெனியிலேயே ஒரு பூச்சு அடித்திருப்பார்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் அதைத் துடைத்து எடுக்காவிட்டால் பெயின்ட் பிடிக்காது. அப்புறம், லெதருக்கென்றே விற்கிற அக்ரிலிக் இருக்கிறது, அது மடங்கினால் கூடவே வளையும். அதை மெல்லிசாக நாலைந்து கோட் கொடுங்கள், ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. கேன்வாஸ் ஷூவுக்கு அசிட்டோன் வேண்டாம். துணிக்கான மீடியம் என்று ஒரு திரவம் விற்கிறது, அதை அக்ரிலிக்கில் கலந்து பூசி, காய்ந்ததும் சூடு காட்ட வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் வெட்டி மிஞ்சிய லெதர் துண்டு கேளுங்கள். அதில் பூசி, நூறு தடவை மடக்கிப் பார்த்துவிட்டு ஷூவுக்கு வாருங்கள். முகம், எழுத்து எல்லாம் குதிகால் பக்கம் போகட்டும். எழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது: ஒரு ஷூவின் டிசைனை அப்படியே திருப்பி அடுத்ததற்குப் போட்டால் எழுத்தும் கண்ணாடியில் தெரிவது மாதிரி திரும்பிவிடும். இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

2017இல் நைக்கி தன் ஏர் மேக்ஸ் வகை ஷூவுக்கு நடத்திய வாக்கெடுப்பில் 12 பேரின் டிசைன்கள் மோதின. மக்கள் ஓட்டில் ஜெயித்தவர் ஷான் வோதர்ஸ்பூன், ஷூ 2018இல் கடைக்கு வந்தது. அவர் கார்டுராய் துணியை அடுக்கடுக்காக, ஓரம் மடித்துத் தைக்காமல் விட்டிருந்தார். போடப் போட ஓரம் பிசிறு பிசிறாகும், அதுதான் அதன் அழகே. என் மயில் எதனால் செத்ததோ, அதையே அவர் டிசைனாக்கிவிட்டார். நடுவர்கள் இந்த மாதிரி யோசனையைத்தான் தேடுவார்கள் என்பது என் எண்ணம்.

உரிமை விஷயம். விதிமுறையில் "ஜெயித்த டிசைன்" என்று இருக்கிறதா, "அனுப்பிய எல்லா டிசைனும்" என்று இருக்கிறதா, பாருங்கள். இரண்டாவது என்றால் தோற்றாலும் உங்கள் படம் போய்விடும், நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எங்கே என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்ற பிறகும் "வரைந்தது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, அது 57ஆம் பிரிவு. வெளிநாட்டுப் போட்டி என்றால் எந்த நாட்டுச் சட்டம் என்று விதிமுறையின் கடைசியில் எழுதியிருப்பார்கள். கார்ட்டூன் பொம்மைகளை மட்டும் வரைந்துவிடாதீர்கள், அது வேறொருவர் சொத்து.

சைஸ். அவர்களே ஷூ அனுப்பினால் கவலை இல்லை. நீங்கள் வாங்குவதென்றால் ஆண்கள் சைஸில் அமெரிக்க 9, நம் கடையில் ஏறக்குறைய 8. கம்பெனிகள் சாம்பிள் ஷூ செய்வது பெரும்பாலும் அந்த சைஸில்தான், போட்டோவிலும் அளவாகத் தெரியும். உங்கள் காலும் 8 என்றால், தோற்றாலும் ஒரு ஜோடி ஷூ மிச்சம்.