அடுத்த வீட்டுக்காரன் வாங்கிய பிட்சர்

வணக்கம். விளையாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசுங்கள் என்று சொல்லித்தான் என்னை இந்த வானொலிக்குக் கூப்பிட்டார்கள். நான் பேசப்போவது விளையாட்டைப் பற்றிப் பாதி, வயிற்றெரிச்சலைப் பற்றி மீதி. நம் அணிக்கு ஆகாத அணி ஒன்று வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கோடி கோடியாகக் கொட்டி வாங்கிவிட்டால் இந்தப் பக்கம் இருக்கும் ரசிகர்கள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்பதை நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பாதி நேரம் நானும் சேர்ந்துதான் பேசினேன், மறைக்க ஒன்றுமில்லை.

2006ஆம் வருடம். நியூ ஜெர்சியில் வேலை. பேஸ்பால் எனக்குப் புரிய ஆரம்பித்து மூன்று வருடம்தான் இருக்கும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு அது முதலில் அலுப்பாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் அடுத்த மேசையில் ஒரு பெரியவர் இருந்தார், அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், பிறந்ததிலிருந்து நியூயார்க் யாங்கீஸ் அணிக்காகவே மூச்சு விடுகிறவர். அவர்தான் குரு. அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் யாங்கீஸைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை, பாஸ்டன் ரெட் சாக்ஸைப் பிடிக்கக் கூடாது என்பதுதான். யாங்கீஸைப் பிடிப்பது அப்புறம் தானாக வந்துவிட்டது.

அந்த நவம்பர் 14 அன்று சாயங்காலம் செய்தி வந்தது. ஜப்பானின் செய்பு லயன்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், டைசுகே மட்சுசாகாவோடு பேசும் உரிமையைப் பாஸ்டன் எடுத்துவிட்டது. கவனியுங்கள், ஆளை வாங்கவில்லை, அவரோடு முப்பது நாள் பேசும் உரிமையைத்தான் எடுத்தது. அதற்கு விலை 5 கோடியே 11 லட்சத்து 11 ஆயிரத்து 111 டாலர் 11 சென்ட். கடைசி 11 சென்ட் வரைக்கும் உண்மை. நம் ஊர் டெண்டர் மாதிரிதான், மூடிய உறையில் தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும், பக்கத்து ஆள் எவ்வளவு எழுதினான் என்று தெரியாது, யார் அதிகமோ அவருக்கு. அந்தப் பணம் பழைய அணிக்குப் போகும். ஆட்டக்காரருக்குச் சம்பளம் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய பேட்ஸ்மேன் இச்சிரோவுக்காக சியாட்டில் அணி எழுதிய தொகை 1 கோடியே 31 லட்சம் டாலர்தான். யாங்கீஸும் இந்த முறை உறை போட்டிருந்தது, 3 கோடிக்குக் கொஞ்சம் மேலே. நியூயார்க்கின் இன்னோர் அணியான மெட்ஸ் அதைவிடக் கூட. பாஸ்டன் இரண்டு பேரையும் எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் காலை காபி மிஷின் பக்கம் நடந்த சண்டையை நான் மறக்கவே மாட்டேன். முதல் கட்சி, "பைத்தியக்காரர்கள், நன்றாக ஏமாந்தார்கள்" என்று சிரித்த கட்சி. ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிங் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் ஆடுவார், வருடத்துக்கு 162 ஆட்டம் என்றால் முப்பதுக்குச் சற்று மேலேதான் அவர் கை படும், அதற்கு இவ்வளவா என்று கேட்டார்கள். இரண்டாவது கட்சி சதிக் கட்சி. பாஸ்டனுக்கு ஆள் வேண்டாம், நமக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான், பேச்சுவார்த்தை முறிந்தால் அந்தப் பணத்தைக் கட்டவே வேண்டியதில்லை, வேண்டுமென்றே முறிப்பார்கள் பாருங்கள் என்றார்கள். விதியில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது நிஜம்தான். மூன்றாவது கட்சி ஒன்றும் பேசாமல் காபியைக் கலக்கிக்கொண்டிருந்த கட்சி. குரு அதில்தான் இருந்தார். அவர் அந்த ஆளின் பந்தைப் பார்த்திருந்தார், அந்த மார்ச்சில் நாடுகளுக்கிடையே நடந்த முதல் உலக பேஸ்பால் கிளாசிக்கில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் இந்த மட்சுசாகாதான்.

அப்புறம் கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள். சொகுசு வரி என்று ஒன்று உண்டு, அணியின் மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் தாண்டிய பணத்துக்கு லீகுக்கு வரி கட்ட வேண்டும். யாங்கீஸ் வருடா வருடம் தாண்டும் அணி, தாண்டுகிற ஒவ்வொரு டாலருக்கும் அப்போது 40 சென்ட் வரி. உறையில் எழுதிய பணம் சம்பளம் இல்லை என்பதால் அது வரிக் கணக்கில் சேராது. அப்படியானால் அந்த வழி பாஸ்டனைவிட நமக்கல்லவா லாபம், நம் ஆட்கள் ஏன் இன்னும் அதிகமாக எழுதவில்லை என்று ஒருவர் கேட்டதும் காபி மிஷின் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. இன்னொருவர் பாஸ்டன் ஜப்பானில் சட்டை விற்றே பணத்தை எடுத்துவிடும் என்றார். அது தப்பு. வெளிநாட்டில் வரும் ஒளிபரப்புப் பணமும் சட்டை விற்ற பணமும் முப்பது அணிகளுக்கும் பங்கு போகும், பாஸ்டனுக்குத் தனியாக மிஞ்சுவது மைதானத்தில் ஜப்பானிய கம்பெனிகள் வைக்கும் விளம்பரப் பலகை மாதிரி சில வரவுகள்தான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு சந்தேகம். இருபது கோடி டாலரைத் தொட்டுக்கொண்டு சம்பளம் கொடுக்கிற அணியின் ரசிகர்கள், அடுத்தவன் செலவைப் பார்த்து இப்படிப் புலம்பலாமா? குருவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே 2002 டிசம்பர் கதையைச் சொன்னார்.

அப்போது கியூபாவிலிருந்து தப்பி வந்த ஹோசே கான்ட்ரேராஸ் என்ற பிட்சருக்காக இதே இரண்டு அணிகளும் அடித்துக்கொண்டன. நிகராகுவாவில் அவர் தங்கியிருந்த ஹோட்டலில் அறைகளை எல்லாம் பாஸ்டன் ஆட்களே பிடித்துவிட்டார்கள், யாங்கீஸ்காரர்களுக்குப் படுக்க இடம் கிடைக்கக் கூடாதென்று, அப்படி ஒரு கதை உண்டு. கடைசியில் 4 வருடத்துக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் என்று யாங்கீஸ் கொத்திக்கொண்டு போனது. எரிச்சலில் பாஸ்டன் தலைவர் லாரி லுக்கினோ, அந்தத் தீய சாம்ராஜ்யம் இப்போது லத்தீன் அமெரிக்கா வரைக்கும் கையை நீட்டிவிட்டது என்று பத்திரிகையில் சொன்னார். யாங்கீஸுக்குத் தீய சாம்ராஜ்யம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். நாலே வருடத்தில் அழுகிறவரும் சிரிக்கிறவரும் இடம் மாறிவிட்டார்கள், வசனம் மட்டும் அதேதான். அது போகட்டும், கான்ட்ரேராஸ் என்ன ஆனார் தெரியுமா? நியூயார்க்கில் பாஸ்டனிடமே உதை வாங்கினார், 2004 ஜூலையில் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள், அடுத்த வருடமே அங்கே வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் பட்டத் தொடரை ஜெயித்தார்.

மட்சுசாகாவின் பேச்சுவார்த்தை கடைசி நாள் வரை இழுத்தது. ஏஜென்ட் ஸ்காட் போராஸ், பேரத்தில் விடாக்கண்டன், கேட்கவா வேண்டும். கடைசியில் பாஸ்டன் முதலாளியின் விமானத்திலேயே கலிபோர்னியாவிலிருந்து அழைத்து வந்தார்கள், அந்த விமானம் இப்போது எந்த ஊர் மேலே பறக்கிறது என்று ரசிகர்கள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 6 வருடத்துக்கு 5 கோடியே 20 லட்சம். உறைப் பணத்தையும் சேர்த்தால் 10 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். அன்றிலிருந்து அந்த மனிதர் பெயரோடு இந்த எண்ணும் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

சரி, நம் அணி சும்மா இருந்ததா? இல்லை. அதே நவம்பர் கடைசியில் யாங்கீஸ் தன் பங்குக்கு ஓர் உறை போட்டு ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் கெய் இகாவாவை எடுத்தது. 2 கோடியே 60 லட்சத்து 194 டாலர். அந்த 194, அந்த வருடம் அவர் எடுத்த ஸ்ட்ரைக் அவுட் எண்ணிக்கை, அதாவது மூன்று ஸ்ட்ரைக் போட்டு வெளியேற்றிய பேட்ஸ்மேன்கள். உறையில் கவிதை எழுதியிருக்கிறார்கள்! சம்பளம் 5 வருடத்துக்கு 2 கோடி. காபி மிஷின் பக்கம் திடீரென்று தொனி மாறிவிட்டது. இரண்டு வாரம் முன்பு ஜப்பானிய பிட்சர்களை நம்பக் கூடாது என்று வாதாடிய அதே ஆள், இகாவா இடதுகைக்காரர், சிக்கனமான விலை, நாம்தான் புத்திசாலிகள் என்று ஆரம்பித்தார். இத்தனைக்கும் 1997இல் ஹிடெகி இராபுவை இப்படித்தான் ஆர்ப்பாட்டமாக அழைத்து வந்து, இரண்டு வருடத்தில் முதலாளி ஸ்டைன்பிரென்னரே அவரைக் கொழுத்த தேரை என்று திட்டிய ஊர் அது.

2007 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். மட்சுசாகா முதல் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியில் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் 7 இன்னிங்ஸ், 10 ஸ்ட்ரைக் அவுட், ஒரே ஒரு ரன். எங்கள் பக்கம் மயான அமைதி. 22ஆம் தேதி பாஸ்டனில் யாங்கீஸுக்கு எதிராக முதல் முறை வந்தார், நாங்கள் அவரைப் பிடித்து 6 ரன் அடித்தோம், அடித்தும் என்ன பயன், பாஸ்டன்காரர்கள் வரிசையாக நாலு பேர், நம் சிக்ஸர் மாதிரி, நாலு ஹோம் ரன் அடித்து 7க்கு 6 என்று அந்த ஆட்டத்தை அவர் கணக்கில் வெற்றியாக எழுதிவிட்டார்கள். அடுத்த வாரம் நியூயார்க்கில் மறுபடி ஜெயித்தார். அதற்கு மறுநாள்தான் விசேஷம். எங்கள் பிட்சர் முதல் பந்திலேயே காலில் அடிபட்டு வெளியே போக, அவசரத்துக்கு இகாவாவை இறக்கினார்கள். அதே பாஸ்டனுக்கு எதிராக 6 இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 3க்கு 1 ஜெயித்தோம். குரு மேசையைத் தட்டினார். அன்று ஒரு நாள் நாங்கள்தான் உலகத்திலேயே புத்திசாலிகள்.

அந்த ஒரு நாளோடு சரி. அமெரிக்காவில் இகாவா ஜெயித்த ஆட்டங்கள் மொத்தம் இரண்டு. இரண்டுக்கு 4 கோடியே 60 லட்சம். மீதி வருடங்களைச் சின்ன லீக் அணிகளில் கழித்தார், மன்ஹாட்டனில் குடியிருந்துகொண்டு தினம் பல மைல் காரோட்டிப் போய்ப் பந்து வீசினார், ஊருக்குத் திரும்பிவிடு என்றபோதும் போகவில்லை. அவர் பெயரைச் சொல்லிச் சிரிக்காத யாங்கீஸ் ரசிகர் இல்லை. எனக்கு இன்று யோசித்தால் அவர்மேல் கோபமே வரவில்லை. அந்த 194 டாலரை எழுதியது அவரா?

மட்சுசாகா? இது நீண்ட கதை. முதல் வருடம் 15 வெற்றி, 201 ஸ்ட்ரைக் அவுட். அக்டோபரில் டென்வரில் வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டத்தை ஜெயித்தார், பேட் பிடிப்பதே அபூர்வமான பிட்சர் அன்று அடித்த அடியில் இரண்டு ரன் வேறு வந்தது. பாஸ்டனுக்குக் கோப்பை. 2008இல் 18 வெற்றி, 3 தோல்வி. காகிதத்தில் பார்த்தால் கண் கூசும். ஆனால் அவர் ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பது தண்டனை. பேட்ஸ்மேனுக்கு எட்டாதபடி மூலையிலேயே போட்டுக்கொண்டிருப்பார், பந்து மேல் பந்து, 94 பேருக்கு வாக், அதாவது நாலு தப்பான பந்து போட்டு முதல் பேஸுக்கு இலவசப் பயணம், கொடுத்து அந்த லீகிலேயே அதிலும் முதலிடம். பாஸ்டன் ரசிகர்களே நகம் கடித்தார்கள். அவருக்கும் அணிக்கும் உரசல் வேறு. ஜப்பானில் ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் நிறையப் போட்டுப் போட்டுத் தோளைப் பழக்கியவர், 1998இல் பள்ளி மாணவனாக கோஷியென் என்ற தேசியப் பள்ளிப் போட்டியில் ஒரே ஆட்டத்தில் 17 இன்னிங்ஸ், 250 பந்து போட்டவர். பாஸ்டனில் நூறு பந்துக்கு மேல் கணக்குப் பார்த்தார்கள். யார் சரி என்று இன்றைக்கும் வாதாடலாம். 2009இலிருந்தே உடம்பு ஒத்துழைக்கவில்லை, 2011இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. பாஸ்டனில் மொத்தம் 50 வெற்றி, 37 தோல்வி.

ஏமாந்தார்களா இல்லையா? என்னைக் கேட்டால் இல்லை. எங்கள் காபி மிஷின் கோர்ட்டில் தீர்ப்பு ஒருநாளும் அப்படி வரவில்லை, ஏனென்றால் அங்கே அவர் எதிரில் நின்ற பேட்ஸ்மேனோடு போட்டியிடவில்லை, அந்த 10 கோடியே 30 லட்சத்தோடு போட்டியிட்டார். அதை எந்த மனிதன் ஜெயிப்பான்? இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒருவர் உண்டு. அதே குளிர்காலத்தில் பாஸ்டன் இன்னொரு ஜப்பானியரையும் எடுத்தது, ஹிடெகி ஒகாஜிமா, 2 வருடத்துக்கு 25 லட்சம் டாலர். எங்கள் சண்டையில் அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. முதல் பந்திலேயே ஹோம் ரன் கொடுத்தார், யாரும் பதறவில்லை, யாருக்கும் ஆளையே தெரியாதே. ஜூலையில் பார்த்தால் லீகின் சிறந்தவர்களைப் பொறுக்கிய ஆல் ஸ்டார் அணியில் இருக்கிறார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மறுபடி அதே கூத்து. யோஷினோபு யமமோட்டோ, ஓரிக்ஸ் அணிக்காரர், அமெரிக்க லீகில் ஒரு பந்துகூடப் போடாதவர். உறை முறையெல்லாம் அப்போது போய்விட்டது, ஒப்பந்தத்தில் இத்தனை சதவீதம் பழைய அணிக்கு என்று மாற்றிவிட்டார்கள். யாங்கீஸ் 30 கோடி வரை போனது. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 12 வருடத்துக்கு 32 கோடியே 50 லட்சம் கொடுத்தது, ஓரிக்ஸுக்குத் தனியாக 5 கோடிக்கு மேல். எங்கள் அணியின் கெரிட் கோல் வைத்திருந்த பிட்சர் சம்பள சாதனையை ஒரு பத்து லட்சத்தில் தாண்டிவிட்டார். குரு ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவில் இருக்கிறார். போன் செய்தார். "பணத்தால் விளையாட்டையே கெடுத்துவிட்டார்கள்" என்று ஆரம்பித்தார். நான் "தீய சாம்ராஜ்யம்" என்றேன். கெட்ட வார்த்தையில் பதில் வந்தது, வானொலியில் சொல்ல முடியாது.

2024 மார்ச்சில் சியோலில் முதல் ஆட்டம், ஒரே இன்னிங்ஸில் 5 ரன் கொடுத்தார் யமமோட்டோ. குரு உடனே வகுத்தல் கணக்குப் போட்டு அனுப்பினார், ஒரு ரன்னுக்கு ஆறரை கோடி என்று. அக்டோபரில் அதே ஆள் வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸுக்கு எதிராகவே வந்து ஆறு இன்னிங்ஸுக்கு மேல் ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டுப் போனார். அன்று குருவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

2025 வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸும் டொராண்டோவும் மோதின. ஆறாவது ஆட்டத்தில் 6 இன்னிங்ஸ் போட்டு ஜெயித்த யமமோட்டோ, மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் மறுபடி பந்தை வாங்கிக்கொண்டு வந்தார். பேஸ்பாலில் இது மிக அபூர்வமான காரியம், நாலு நாள் ஓய்வு கேட்கிற கை அது. 11 இன்னிங்ஸ் வரை போன ஆட்டத்தை அவர்தான் முடித்து வைத்தார். நடுராத்திரி தாண்டி குரு கூப்பிட்டார், எண்பதை நெருங்கும் மனிதர், எங்கள் அணி ஆடாத ஆட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் முழித்திருக்கிறோம். விலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "நேற்று போட்ட அதே பையன்தானே இன்றும் போடுகிறான்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "போன வருஷமே நாம் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்" என்றார். போன வருஷம் இல்லை, அதற்கும் முந்தின வருஷம் என்று நான் திருத்தவில்லை.