சோர்ந்த கலங்களும் இரவுக் காய்ச்சலும்

மலையக நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் லயத்தில் முதலில் எழும் பேச்சு, "உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, அதுதான் வந்துவிட்டது" என்பதுதான். அடுத்த நாளே யாராவது ஒரு டொனிக் போத்தலோடு வந்துவிடுவார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை.

நம் இரத்தத்தில் இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்று ஒருவகை வெண்குருதிக் கலங்கள் உண்டு. ஒருவரின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்த்த புற்றுக் கலங்களோடு சில மணிநேரம் சேர்த்து வைப்பார்கள். எத்தனை புற்றுக் கலங்கள் செத்தன என்பதுதான் கணக்கு. புற்றுநோயாளர் பலரிடம், அதிலும் நோய் முற்றியவர்களிடம், சுகதேகிகளை விட இந்தக் கணக்கு குறைகிறது.

குறைவு முதலில் வந்ததா, நோய் முதலில் வந்ததா? ஜப்பானின் சைத்தாமாவில் 11 ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், கொல்லும் திறன் குறைந்திருந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. ஆனால் நோய் வந்த பிறகு நடப்பது இன்னும் பெரிது. உடம்பைக் காக்கும் இப்படியான காவல் கலங்களைக் கட்டியே அடக்குகிறது. காவல் கலங்களில் இன்னொரு வகையான டி கலங்களின் மேல் பிடி-1 என்றொரு புரதம் இருக்கிறது. அது பிரேக் மாதிரி. பல கட்டிகள் அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன, கலங்கள் சோர்ந்துபோகின்றன. 1992இல் அந்தப் புரதத்தைக் கண்டறிந்த குழுவின் தலைவர் தசுக்கு ஹொஞ்சோ, அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசனோடு 2018இல் நோபல் பரிசு பெற்றார். பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இன்று உண்டு. எல்லாப் புற்றுக்கும் அவை கேட்பதில்லை.

டொனிக்கால் அந்தப் பிரேக்கைத் தொட முடியாது. அந்தக் காசில் முட்டையும் பருப்பும் வாங்குங்கள், கிளினிக் பஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதுதான் பெரிய உதவி. பாக்கு, புகையிலை இரண்டுமே புற்றை உண்டாக்குபவை. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கொழுந்து பறிக்கும் நம் அக்காமார் வலிக்கும்வரை பொறுத்திருப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை.

அப்புறம், கீமோ, அதாவது புற்றுக்கு ஏற்றும் மருந்து, எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். மருந்து ஏற்றி ஒன்று, இரண்டு வாரத்துக்குள் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது கிருமி தொற்றினாலும் சீழ் கட்டாமலும் வீக்கம் தெரியாமலும் இருக்கலாம். காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை படுத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் "கீமோ எடுக்கிறவர்" என்று முதலில் சொல்லி, கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். மேல் டிவிஷனில் இருப்பவர்கள் மருந்து ஏற்றிய அன்றே ஆட்டோக்காரத் தம்பியிடம் பேசி வையுங்கள். ஒரு தேர்மோமீட்டரும் வாங்கி வையுங்கள்.