கோடு சரியாக ஓடினாலும் வலிக்கும்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் இருபது வருஷமாக ஈ.ஈ.ஜி. எடுக்கிறேன்; மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதிவு செய்யும் பரிசோதனை இது. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் முதலில் நான் சொல்வது, "தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்க" என்பதுதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், அலைகளைப் பிடிக்கத் தலையில் பசை வைத்து ஒட்டும் மின்முனை பிடிக்காது. மூளையிலிருந்து நமக்குக் கிடைக்கும் மின்சாரமோ ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான்.

அம்மாப்பேட்டையிலிருந்து விசைத்தறி ஓட்டும் பெண் ஒருவர் வந்திருந்தார். பல வருஷமாக ஒற்றைத் தலைவலி. அலைகளில் ஒரு கோளாறும் இல்லை. கூட வந்த மாமியார், "அதான் ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன தலைவலி?" என்றார். அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. நெற்றியில் ஒட்டியிருந்த பசையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். பின்னாளில் இது வலிப்பு நோய்க்குப் பெரிய துணை ஆனது. ஆனால் வலியை அளக்கும் கருவியாக ஆகவில்லை.

ஆராய்ச்சியில் இதையே வேறு மாதிரி பயன்படுத்துகிறார்கள். திரையில் சதுரங்கக் கட்டம். கறுப்பும் வெள்ளையும் நொடிக்கு மூன்று முறை இடம் மாறும். பின்மண்டையில் ஒட்டிய மின்முனையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்ன அலை எழும். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. நூறு அலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் தெரியும். இப்படி நூறு நூறாக ஆறு தடவை எடுப்பார்கள். தலைவலி இல்லாதவர்களுக்கு அலையின் உயரம் போகப் போகக் குறையும்: மூளை பழகிவிட்டது. தறிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டினால் அந்த வீட்டுப் பிள்ளை நன்றாகத் தூங்கும், வந்த விருந்தாளிக்குத்தான் கண் மூடாது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு, வலி இல்லாத நாளில்கூட, அந்த உயரம் குறைவதில்லை. அவர்கள் மூளை கடைசி வரை விருந்தாளிதான். ஏற்காட்டுக்கு ஏறும்போது மரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு அடிக்கிறதே, அப்போது அவர்கள் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கலாம்.

எல்லா ஆய்வகத்திலும் இது ஒரே மாதிரி வரவில்லை. யார் நோயாளி என்று தெரியாமல் அலைகளை அளந்தபோது வித்தியாசம் தென்படாமல் போனதும் உண்டு. அதனால் இதை வைத்து ஒரு தனி ஆளுக்கு முடிவு சொல்லக் கூடாது. மருத்துவர் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்: ஒரு பக்கம் துடிக்கிறதா, குமட்டுகிறதா, வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லையா, எத்தனை மணி நேரம்? வலி வந்த தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். திடீரென்று மண்டை பிளப்பதுபோல் வலித்தாலோ, வலியோடு கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அந்த மாமியாரிடமும் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தறிச் சத்தம் ஆகலைன்னு கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கா" என்றார்.